வெற்றுப் பெட்டியின் கூலி

சரக்கேற்றாத பெட்டிக்கும் கப்பற்கூலி உண்டென்றால் நேயர்களிற் சிலர் வியப்புறக்கூடும். கண்டெய்னர் எனப்படும் இருபதடி இரும்புப் பெட்டி வெறுமையாயிருக்கையில் சுமார் 2.2 டன் எடையுள்ளது; சரக்கேற்றினால் 30 டன் வரை கனக்கும். கப்பலிலோ இரண்டும் அடைத்துக்கொள்ளும் இடம் ஒன்றே. வெற்றுப் பெட்டியைச் சுமக்கும் செலவைக் கப்பற் கம்பெனி தன் கைப்பணத்திலிருந்து கொடுப்பதில்லை. சரக்கனுப்பும் வியாபாரியின் கூலியிலேயே அது மறைமுகமாய் ஏறிவிடுகிறது.

இச்செலவு நம் தேசத்தில் மிகுவதற்குக் காரணம் உண்டு. இலேசான இறக்குமதிச் சரக்கு நாற்பதடிப் பெட்டியில் வந்திறங்குகிறது. ஏற்றுமதியாகும் கருங்கல்லுக்கும் அரிசிக்கும் இருபதடிப் பெட்டி வேண்டும். பம்பாய்ப் பக்கம் நவசேவாவில் பெட்டிகள் குவிந்து கிடக்கும்போதே, தூத்துக்குடியில் திருப்பூர்ப் பனியன் பெட்டிக்குக் காத்திருக்க நேரிடலாம்.

இதைச் சீர்செய்யச் சர்க்கார் முயலவில்லை என்று கூறுவதற்கில்லை. 2018 மே மாதத்தில், அந்நியக் கப்பல்களும் தனி லைசென்ஸின்றி நம் துறைமுகங்களிடையே வெற்றுப் பெட்டிகளை ஏற்றிச் செல்லலாம் என அனுமதித்தது. 2019-ல் ரயில்வே வெற்றுப் பெட்டிக்கு 25 சதவிகிதம் கழிவு தந்தது. 2020 மார்ச் 24 முதல் ஏப்ரல் 30 வரை கட்டணமே வாங்கவில்லை. இவை நற்செயல்களே. ஆயினும் சலுகை முதலிற் சேர்வது பெட்டியை நடத்துவோன் கையில். ஏற்றுமதியாளனுக்கு அதிற் பங்கு தருவதும் தராததும் அவன் சித்தம்.

அச்சித்தம் எத்தகையது என்பதை அடுத்த ஆண்டே உலகம் கண்டது. சீனத்திலிருந்து அமெரிக்கா செல்லும் சரக்குக்குக் கூலி பன்மடங்கு உயரவே, கம்பெனிகள் அமெரிக்கக் குடியானவனின் விளைபொருளுக்குக் காத்திராமல் வெற்றுப் பெட்டிகளையே அவசரமாய்ச் சீனத்துக்குத் திருப்பின. நம் வியாபாரிகளும் பெட்டியின்றித் தவித்தனர். 2022 ஜூனில் அமெரிக்கா சட்டமியற்றி, ஏற்றுமதிச் சரக்குக்கு நியாயமின்றி இடம் மறுப்பதைத் தடுத்தது. அமெரிக்காவுக்கே இந்த கதியென்றால், அயல்நாட்டுக் கப்பல்களையே பெரிதும் நம்பியிருக்கும் நாம் எம்மாத்திரம்?

பெட்டிகளை இங்கேயே செய்தால் போதுமென்பர் சிலர். உலகப் பெட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சீனத்தில் செய்யப்படுகையில் அம்முயற்சி வேண்டியதே. ஆனால் சுதேசிப் பெட்டியும் திரும்பச் சரக்கின்றேல் வெற்றுப் பெட்டியே. அந்நியக் கப்பலில் ஏறினால் கூலி அந்நியனுக்கே. பெட்டியுடன் கப்பலும் நம்முடையதாதல் வேண்டும். அதுவரையில், வெற்றுப் பெட்டிக்கென வசூலிக்கும் தொகையைக் கம்பெனிகள் கூலிச் சீட்டில் தனியே காட்டும்படி சர்க்கார் உத்தரவிடுவதற்குத் தடை யாது?