பெண்கள் ஓட்டு ஏலத்துக்கு வந்ததா?

2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் ஜனவரியில் வெளியான தமிழக வாக்காளர் பட்டியலில் 6.26 கோடிப் பேர் இருந்தார்கள். அதில் ஆண்களைவிடப் பெண்கள் சுமார் 10 லட்சம் அதிகம். இந்தக் கணக்கைப் பார்த்ததும் எல்லாக் கட்சிகளும் ஒரே முடிவுக்குத் தாவிவிட்டன: பெண்கள் ஓட்டு மொத்தமாக இருக்கிறது, அதிகம் தருபவருக்கு விழும். எத்தனை பெண்கள் வாக்களித்தார்கள் என்று தேர்தல் ஆணையம் சொல்லும். யாருக்கு என்பதை எந்த இயந்திரமும் சொல்லாது. ஆனாலும் 'தாய்க்குலத்தின் ஓட்டு எங்களுக்கே' என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள்.

அந்தத் தேர்தலே இந்த நம்பிக்கைக்கு எதிரான சாட்சி. குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றது தி.மு.க.; 1,500 ரூபாய், ஆண்டுக்கு ஆறு எரிவாயு சிலிண்டர், வாஷிங் மெஷின் என்றது அ.தி.மு.க. கூடுதலாகக் கேட்டவர் ஏலத்தில் தோற்றார்: தி.மு.க.வுக்கு 133 இடங்கள், அ.தி.மு.க.வுக்கு 66. பத்தாண்டு ஆட்சி மீதான சலிப்பும் ஜெயலலிதா இல்லாத வெற்றிடமும்தான் காரணம் என்பார்கள். இருக்கலாம். அப்படியானால் பெண்களும் ஆட்சியை எடைபோட்டுத்தான் வாக்களித்தார்கள் என்றாகிறது. நான் சொல்வதும் அதுதான். மத்தியப் பிரதேசத்தில் 2023இல் மகளிர் உதவித்தொகை ஆளுங்கட்சிக்குக் கைகொடுத்ததே என்று கேட்பவர்கள், பக்கத்து ஆந்திரத்தையும் பார்க்க வேண்டும். பெண்களின் வங்கிக் கணக்கில் தொடர்ந்து பணம் போட்ட ஜெகன்மோகன் ரெட்டியின் கட்சி, 2019இல் 151 இடங்களில் வென்றது. 2024இல் 11 இடங்களில் நின்றுபோனது. உதவித்தொகை வேண்டாம் என்பதல்ல என் வாதம். வீட்டுச் செலவுக்குக் கணவன் கையை எதிர்பார்க்கும் பெண்ணுக்கு அந்த ஆயிரம் பெரிய தொகைதான். அதை வாங்கிக்கொண்டே அவள் வேறு சின்னத்தில் பொத்தானை அழுத்தலாம் என்பதைத்தான் கட்சிகள் ஏற்க மறுக்கின்றன.

ஓட்டுக்கு இவ்வளவு போட்டி போட்டவர்கள் இடம் கொடுப்பதில் மட்டும் கைகட்டிக்கொண்டார்கள். 2021இல் 234 பேர் கொண்ட அவைக்குச் சென்ற பெண்கள் 12 பேர்தான். பெண் வேட்பாளர் ஜெயிக்க மாட்டார் என்பது வழக்கமான சமாதானம்; 117 பெண்களை நிறுத்திய நாம் தமிழர் கட்சி ஓர் இடத்திலும் வெல்லவில்லையே என்றும் சொல்வார்கள். அக்கட்சி நிறுத்திய 117 ஆண்களும்தான் வெல்லவில்லை! தகுதியானவர்கள் கிடைப்பதில்லை என்றால், உள்ளாட்சிகளில் பாதி இடங்களில் வென்று நிர்வாகம் நடத்துகிறவர்கள் யார்? 2023இல் நிறைவேறிய 33 சதவீத இடஒதுக்கீட்டை மக்கள்தொகைக் கணக்கெடுப்போடும் தொகுதி மறுவரையறையோடும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஆனால் வேட்பாளர் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்குக் கொடுக்க எந்தக் கட்சிக்கும் எந்தச் சட்டமும் தேவையில்லை.