கூட்டமாகவே போவோம்

மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நூறு பேர், இருநூறு பேர் எனத் திரண்டு செல்வதைப் பற்றி நம் இலக்கிய வட்டங்களில் ஓர் ஏளனம் நெடுநாளாக உலவுகிறது. மலையைத் தனியே சென்று பார்க்கவேண்டுமாம். மௌனத்தில்தான் கல் பேசுமாம். இட்லிப் பொட்டலமும் கேமராவுமாகக் கூட்டம் கூடினால் அது கேளிக்கையாகிவிடுமாம். இதைச் சொல்பவர்களில் பலர் நமக்கு வேண்டியவர்கள், நல்ல வாசகர்கள். ஆயினும் இந்த வாதத்தை இனியும் மரியாதை கருதி விட்டுவைப்பதற்கில்லை.

முதலில் கல் என்ன பேசுகிறது என்று பார்ப்போம். அழகர்மலைக் குகைத்தளத்தில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்பிராமி எழுத்துகள் இருக்கின்றன. அவற்றில் உப்பு வணிகன் வருகிறான், அறுவை வணிகன் வருகிறான், கொழு விற்பவனும் பொற்கொல்லனும் வருகிறார்கள். துறவி ஒருவர் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கிக் கிடக்க, பாறையைச் சமன்செய்து படுக்கையாக்கியதும், நெற்றியில் காடி வெட்டி மழைநீரை வெளியே திருப்பியதும் மதுரைக் கடைவீதியின் கைக்காசு. மாங்குளத்தில் வெள்ளறை நிகமம், அதாவது ஒரு வணிகர் குழு, கொடை தந்திருக்கிறது. நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பெயரும் அங்கேதான் இருக்கிறது. திருப்பரங்குன்றத்தில் எருக்காட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் ஒருவனின் பெயர். தனிமையின் அடையாளங்களாக நாம் போற்றும் இந்தக் கற்படுக்கைகள் ஒவ்வொன்றும் ஒரு கூட்டத்தின் செலவில் உருவானவை. துறவி தனியாக இருந்தார் என்பது உண்மை. அவரைத் தனியாக இருக்கவிட்டவர்கள் கூட்டமாக மலையேறி வந்தார்கள் என்பதும் உண்மை.

இரண்டாவது, தனித்துச் சென்ற ரசிகர்கள் இந்த மலைகளைக் காப்பாற்றவில்லை. கடுமையாக ஒலிக்கலாம், ஆனால் நடந்தது அதுதான். மேலூர் வட்டாரத்தில் கிரானைட் நிறுவனங்கள் குன்று குன்றாக அறுத்துக் கப்பலேற்றிய ஆண்டுகளில், கீழவளவு பற்றியும் கருங்காலக்குடி பற்றியும் அழகான கட்டுரைகள் சிற்றிதழ்களில் வந்துகொண்டுதான் இருந்தன. 2012இல் மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம் அரசுக்கு ஏற்பட்ட இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று அறிக்கை எழுதிய பின்னர்தான் நம்மில் பலருக்கு அந்தக் கட்டுரைகளின் பின்னணியில் இருந்த வெடிச்சத்தம் கேட்டது. ஆள் நடமாட்டம் இல்லாத மலை குவாரிக்காரனுக்கு வசதியான மலை. யாரும் வராத இடத்தில் எதுவும் இல்லை என்று வரைபடத்தில் எழுதிவிடுவது எளிது.

2010இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் யோசனை எழுந்தது. நரசிங்கத்தில் கி.பி. 770இல் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன்காரி எடுப்பித்த குடைவரையும், சமணப் பள்ளியும், தமிழ்பிராமி எழுத்தும் ஒரே பாறையில் இருக்கும்போது அதில் புதிதாக உளி வைக்க வேண்டிய அவசியம் என்ன என்று யாருக்கும் தோன்றவில்லை போலும். சுற்றியுள்ள கிராமத்தார் எதிர்த்தார்கள். அந்தக் கொதிப்பிலிருந்துதான் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்னெடுத்த பசுமைநடை பிறந்தது. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் பாறைமேல் நின்று கல்வெட்டைப் படித்துக்காட்ட, பள்ளிப் பிள்ளைகளும் வங்கி ஊழியர்களும் இல்லத்தரசிகளும் கீழே அமர்ந்து கேட்டார்கள். இதைக் கேளிக்கை என்பவர்கள், பல்கலைக்கழக வகுப்பறைகளில் கல்வெட்டுப் பாடத்துக்கு எத்தனை பேர் அமர்கிறார்கள் என்று ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு வரட்டும்.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் வட்டாரம் ஏலம் போன செய்தி வந்தது. அதன் எல்லைக்குள் அரிட்டாபட்டியும் இருந்தது. இரண்டாண்டு முன்னர், 2022 நவம்பரில், தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அதே ஊர். 2025 ஜனவரி 7 அன்று விவசாயிகள் மேலூர்ப் பக்கமிருந்து மதுரை நோக்கிப் பேரணி வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வென்றவர்கள் அந்த மண்ணின் மக்கள். நடை சென்றவர்களுக்கு அந்தப் பெருமையை எழுதிவைக்க நாம் வரவில்லை. ஆனால் அந்த மக்கள் தங்கள் மலையைப் பற்றிப் பேசும்போது ஏழு குன்றுகளையும் ஏரிகளையும் போலவே தமிழ்பிராமிக் கல்வெட்டையும் குடைவரைச் சிவனையும் லகுலீசரையும் இயல்பாகச் சொன்னார்களே, அது தனித்துச் சென்று தியானித்தவர்களால் நேர்ந்ததா?

வெளியுலகைக் காட்டி வாதாடும் நண்பர்களும் உண்டு. கிரேக்கத்தின் மெடியோராவில் பாறை உச்சிகளில் மடங்கள் இருக்கின்றன. அதோஸ் மலையில் இருபது மடங்கள். அங்கெல்லாம் யாத்திரிகர்கள் எவ்வளவு அடக்கமாகப் போய்வருகிறார்கள், நாம் ஏன் இப்படி என்கிறார்கள். ஒப்பீடு நல்லதுதான், முழுமையாகச் செய்யப்பட்டால். மெடியோராவில் ஒருகாலத்தில் இருந்த இருபத்துநான்கு மடங்களில் ஆறில் இன்றும் துறவியர் வாழ்கிறார்கள். வாசலில் ஒருவர் நின்று குரலைத் தாழ்த்தச் சொல்கிறார், கதவைப் பூட்டித் திறக்கிறார், விளக்கேற்றுகிறார். நம் எண்பெருங்குன்றங்களில் அப்படிச் சொல்ல எவரும் இல்லை. மடம் இருக்கிறது, மடத்தார் இல்லை. அங்கே துறவியர் செய்யும் காவலை இங்கே வருகிறவர்கள்தான் செய்தாகவேண்டும். இன்னொன்று: அதோஸ் மலைக்குள் பெண்கள் இன்றும் நுழையமுடியாது. நம் கழுகுமலை வட்டெழுத்துக் கல்வெட்டுகளிலோ குரத்தியார் என்ற பெண் ஆசிரியர்கள் மாணாக்கர்களோடு இருக்கிறார்கள். கீழக்குயில்குடி பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர்களுக்கு அடியில், அச்சணந்தியின் தாயார் குணமதியின் பெயர் இருக்கிறது. மகன் மலைமலையாகச் சென்று திருமேனிகள் செய்வித்தவர். தாயும் தன் பங்குக்கு ஒன்று செய்வித்திருக்கிறார். யாரைப் பார்த்து யார் கற்பது?

இவ்வளவு சொன்னதால் நடை செல்பவர்களுக்கு நாம் வக்காலத்து வாங்குவதாக எண்ணவேண்டாம். அவர்களோடும் நமக்கு வழக்கு உண்டு. மலையேறிய உடனே தமிழின் தொன்மைக்கு ஒரு சான்று கிடைத்தது என்ற பூரிப்போடு இறங்கிவிடுகிறவர்கள் அதிகம். எழுத்தின் வயது தெரிகிறது; எழுத்து யாருக்காக வெட்டப்பட்டதோ அவர் மறைந்துபோகிறார். கொல்லாமையையும் உடைமையின்மையையும் கைக்கொண்டு, கல்லில் உறங்கி, இரந்து உண்டு வாழ்ந்தவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தப் பூரிப்பும் ஒருவகைக் குவாரிதான்: வேண்டிய கல்லை மட்டும் பெயர்த்துக்கொண்டு போவது.

பெயர்ப்பலகைகளின் கதை தனி. பஞ்சபாண்டவர் படுக்கை, பஞ்சபாண்டவர் மலை என்று ஊர்தோறும் சொல்கிறார்கள். மக்கள் சொல்வதில் நமக்கு மனத்தாங்கல் இல்லை. செட்டிப்புடவில் அமர்ந்திருக்கும் மகாவீரரைச் செட்டியார் என்று அழைக்கும் கீழக்குயில்குடிக்காரர்கள் அவரைத் தம் ஊர்க்காரர் ஆக்கிக்கொண்டதால்தான் அவர் இன்றும் முழுசாக இருக்கிறார். பேச்சியம்மன் பெயர் பள்ளத்துக்கு வந்ததும் அப்படியே. ஆனால் படித்தவர்கள், அதுவும் சாலைத் துறைப் பலகைக்கு வாசகம் எழுதுகிறவர்கள், பாண்டவரோடு நின்றுவிடுவது அறியாமை அன்று, வசதி. சமணர் என்று எழுதினால் அடுத்த கேள்வி வரும்: அவர்கள் எங்கே போனார்கள்?

அந்தக் கேள்விக்கு மதுரை கைவசம் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான். ஏழாம் நூற்றாண்டில் எண்ணாயிரம் சமணர் கழுவேறினார்கள். சைவர் அதைப் பெருமையாகவும், எதிர்த்தரப்பார் குற்றப்பத்திரிகையாகவும் சொல்கிறார்கள். இருவருக்கும் கதை அத்தோடு முடிகிறது. மலைகள் வேறு சொல்கின்றன. அச்சணந்தியின் பெயர் யானைமலையிலும் அழகர்மலையிலும் கருங்காலக்குடியிலும் பொறிக்கப்பட்டது ஒன்பதாம் நூற்றாண்டு அளவில். கீழக்குயில்குடி வட்டெழுத்துகளில் குறண்டித் திருக்காட்டாம்பள்ளியின் மாணாக்கர்கள் வருகிறார்கள். அதாவது கழுவேற்றக் கதைக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இங்கே ஆசிரியர் இருந்தார்கள், மாணவர் இருந்தார்கள், பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையே போக்குவரத்து இருந்தது. வன்முறை நடக்கவில்லை என்று நாம் வாதிடவில்லை. ஆனால் கதையை மட்டும் வைத்துக்கொண்டு கல்லைப் படிக்காமல் இருப்பது, அந்த மனிதர்கள் வாழ்ந்த இருநூறு ஆண்டுகளை இன்னொரு முறை பறிப்பதாகும். திருப்பரங்குன்றம் யாருடையது என்று 2025இல் நீதிமன்றத்திலும் தெருவிலும் நடந்த சச்சரவில், அதே மலையின் கற்படுக்கைகளில் கிடந்தவர்களை எத்தனை பேர் நினைத்தார்கள்?

எனவே, தனியே போகவேண்டும் என்கிற நண்பர்கள் தாராளமாகப் போகட்டும், வாரநாட்களில். ஞாயிறுகளை எங்களுக்கு விட்டுவிடட்டும். நடை செல்கிற நண்பர்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. எல்லா மலைகளையும் முடித்தாயிற்று என்று சொல்லும் முன்னர் குறண்டிக்கும் ஒருமுறை பேருந்து பிடியுங்கள். அந்தப் பள்ளி இன்று இல்லை. அதன் மாணாக்கர்களின் பெயர்களைக் கீழக்குயில்குடியில் நகலெடுத்துக்கொண்டு, அங்கே நின்று ஒருமுறை உரக்கப் படித்துவிட்டு வாருங்கள்.