கையெழுத்து போட்டால் போதுமா?

அரும்பாவூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மரச்சிற்பம்தான் நினைவுக்கு வரும். 2020இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சிற்பப் பட்டறைகளைத் தாண்டிப் போனால் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற காடுகள். அங்கே களை வெட்டுகிற, வெங்காயம் பிடுங்குகிற பெண்களில் கணிசமானவர்கள் சேரியிலிருந்து வருகிறவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் 31 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். மாவட்டத்தின் எழுத்தறிவு 74 சதவீதம். மாநிலத்தின் எழுத்தறிவு 80.

ஐம்பது வயதைக் கடந்த இந்தப் பெண்களில் பலருக்குக் கையெழுத்து போடத் தெரியும். எதில் போடுகிறார்கள்? மகளிர் குழுப் பதிவேட்டில் போடுகிறார்கள். நுண்கடன் நிறுவனத்தின் படிவத்தில் போடுகிறார்கள். வட்டி எவ்வளவு, தவணை தவறினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்தத் தாளில் பொடி எழுத்தில் இருக்கும். கீழே இருக்கும் பெயர் அவருடையது. மேலே இருக்கும் வரிகள் இன்னொருவருடையவை. உழைக்கும் மக்களுக்கான வயதுவந்தோர் கல்வி இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. அது இலக்கியம் படிக்கிற வகுப்பாகவும் சொந்தக் கதையை எழுதுகிற வகுப்பாகவும் வளர வேண்டும். சாதி ஒழிப்பு பேசுகிற நாம் இதை நம் கோரிக்கையாக ஏற்க வேண்டும்.

வயதுவந்தோர் கல்வி நம் இயக்கத்துக்குப் புதிதல்ல. 1855இலேயே ஜோதிராவ் புலேவும் சாவித்திரிபாய் புலேவும் பூனாவில் உழவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இரவுப் பள்ளி தொடங்கினார்கள். அம்பேத்கர் 1946இல் பம்பாயில் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரி, வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று காலை வகுப்புகளை நடத்தியது.

நம் பக்கத்து மாவட்டங்களில் இதன் பெரிய அத்தியாயம் 1991இல் தொடங்கிய புதுக்கோட்டை அறிவொளி இயக்கம். கல்குவாரிப் பெண்கள் எழுத்து கற்றார்கள், பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள். பாடநூலின் தொடக்கச் சொற்களில் ஒன்று ‘பட்டா’. நிலமில்லாதவருக்கு முதல் பாடமாகப் பட்டாவைக் கற்றுக்கொடுத்ததில் ஓர் அரசியல் இருந்தது. கற்றவர்கள் மனுவில் கையெழுத்திட்டு அரசு அலுவலகங்களுக்குப் போகும்படி தொண்டர்கள் ஊக்கப்படுத்தினார்கள். கைநாட்டு வைத்துப் பழகியவர்களுக்கு அது தலைநிமிர்வு. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் மனு என்ற வடிவத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ‘தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதாமல் மனுவை முடிக்க முடியாது. சுடுகாட்டுப் பாதை தன் உரிமை என்று தெரிந்தவரும் அந்தத் தாளில் கெஞ்சியே கேட்க வேண்டும். அந்தப் பாதையில் பிணம் சுமந்து போனபோது யார் வழிமறித்தார்கள், என்ன சொன்னார்கள், அன்று இரவு வீட்டில் என்ன நடந்தது என்று சொல்ல மனுவில் இடமில்லை. கதையிலும் கவிதையிலும் தன்வரலாற்றிலும்தான் அதற்கு இடமிருக்கிறது. அங்கே எழுதுகிறவர் யாரிடமும் கைகட்டி நிற்பதில்லை. நடந்ததைச் சொல்கிறார், தீர்ப்பும் சொல்கிறார்.

‘சோத்துக்கே திண்டாடுறவங்களுக்கு இலக்கியம் எதுக்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு, முற்போக்காளர்களிலும் உண்டு. மனோரஞ்சன் பியாபாரியின் வாழ்க்கை அதற்குப் பதில். வங்கத்து நாமசூத்திரர், அகதியாக வந்தவர். கொல்கத்தா சிறையில் இளைஞராக எழுத்து கற்றார். வெளியே வந்து ரிக்‌ஷா இழுத்தார். ஒருநாள் வண்டியில் ஏறிய பெண்மணியிடம் ஒரு வங்கச் சொல்லுக்குப் பொருள் கேட்டார். உயிர்வாழும் வேட்கை என்பது அதன் பொருள். கேட்கப்பட்டவர் மகாசுவேதா தேவி. தன் பத்திரிகைக்கு எழுதச் சொன்னார். அந்த ரிக்‌ஷாக்காரர் இன்று இந்தியா அறிந்த எழுத்தாளர்.

குர்கானில் வீட்டுவேலை செய்த பேபி ஹால்தாருக்கு அவர் வேலைபார்த்த வீட்டுக்காரரான பேராசிரியர் பிரபோத் குமார் புத்தகமும் நோட்டும் கொடுத்தார். 2002இல் அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. மாங் சாதியில் பிறந்த அண்ணாபாவ் சாத்தே பள்ளிக்கூடத்தில் ஓரிரு நாளுக்கு மேல் தங்கியதில்லை. பம்பாய்க்கு வந்த பிறகுதான் எழுத்து கற்றார். 1958இல் முதல் தலித் இலக்கிய மாநாட்டைத் தொடங்கிவைத்துப் பேசியவர் அவர்.

இந்த வரலாறுகளைச் சொல்லிப் புல்லரித்துப்போவது எளிது. எனக்கு இவை கோபத்தையே தருகின்றன. ஒருவருக்குச் சிறை, இன்னொருவருக்கு வேலைசெய்த வீட்டின் புத்தக அலமாரி. மகாசுவேதா தேவி ஏறாத ரிக்‌ஷாக்களை இழுத்தவர்கள் என்ன ஆனார்கள்? ஒடுக்கப்பட்டவருக்கு எழுத்து தற்செயலாக வாய்க்கிறது. மற்றவர்களுக்கு அது வீட்டிலேயே கிடைக்கிறது, பிறகு கட்டணம் கட்டிப் போகிற பயிலரங்கிலும் கிடைக்கிறது. சாதி இப்படியும் வேலை செய்கிறது.

பல்கலைக்கழகத்திலும் இதே கதைதான். எங்கள் ஆய்வேடுகளில் இந்தப் பெண்களுக்குப் பெயர் ‘தகவலாளி’. தாலாட்டும் ஒப்பாரியும் அவர்களுடையவை, முனைவர் பட்டம் எங்களுடையது. அவர்களே எழுதினால் எங்கள் துறையின் பாதி நாற்காலிகள் ஆட்டம் காணும். ஆடட்டும்.

அரசு என்ன செய்கிறது? 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தன்னார்வலர்கள் மூலம் எழுத்தும் எண்ணும் கற்றுத்தருகிறது. முடிவில் தேர்வு, சான்றிதழ். தேவையான தொடக்கம்தான். சான்றிதழ் வாங்கிய அம்மாவின் கையில் மறுநாள் என்ன புத்தகம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அதற்கு நாமே பதில் சொல்லத் தொடங்கலாம். 1957இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், வாக்குரிமைக்கு எழுத்தறிவுச் சோதனை வைத்திருந்த காலத்தில், ஜான்ஸ் தீவில் கறுப்பின மக்களுக்குக் குடியுரிமைப் பள்ளி தொடங்கினார்கள். பாடம் நடத்தியவர் பெர்னிஸ் ராபின்சன், அழகுநிலையத் தொழிலாளி. அவர் முதலில் செய்தது, என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று வந்தவர்களிடம் கேட்டதுதான். அந்த முறை இயக்கமாகப் பரவி, வாக்காளராகப் பதிந்துகொள்ள ஏராளமானவர்களைத் தயார்படுத்தியது.

நம் சேரிகளில் அம்பேத்கர் பெயரில் இரவுப் பாடசாலைகள் நடக்கின்றன. அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள், அம்மாக்கள் அழைத்துப்போக வாசலில் நிற்கிறார்கள். அவர்களை உள்ளே கூப்பிடுங்கள். வாரம் இரண்டு இரவு போதும். முதலில் பாமாவின் ‘கருக்கு’ நூலை உரக்க வாசியுங்கள். தாங்கள் பேசுகிற மாதிரியான தமிழ் புத்தகத்தில் இருப்பதை அவர்கள் கேட்கட்டும். பிறகு எழுதச் சொல்லுங்கள்: முதல் கூலி, பள்ளியை விட்டு நின்ற நாள், பிள்ளை பிறந்த இரவு. எழுத முடியாதவர் சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். ஒற்றுப்பிழையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பேச்சைத் திருத்தாதீர்கள்.

எழுதியதைப் பதினாறு பக்கச் சிறுநூலாக அவர்கள் பெயரிலேயே அச்சிடுங்கள். பெரம்பலூரிலும் அரியலூரிலும் புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன, அங்கே விற்கலாம். குழுமூரில் அனிதாவின் பெயரில் நூலகம் இருக்கிறது. படிப்பு மறுக்கப்பட்ட ஒரு பெண்ணின் ஊர் அது. இப்படியொரு வகுப்புக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறு எது?

வாசிப்பு வட்டம் நடத்துகிற தோழர்களுக்கு ஒன்று. நம் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரி படித்தவர்கள். நாம் படிக்கிற புத்தகங்களில் வருகிற அம்மாக்கள் வெங்காயக் காட்டிலிருந்து வீடு திரும்பும்போது இரவு ஏழு மணி ஆகிறது. அடுத்த கூட்டத்தை எட்டு மணிக்கு, அவர்கள் தெருவில் வையுங்கள்.