உடம்பு உளைவும் மன உளைச்சலும்

மனநோய் என்றதும் எம்மவர் பலருக்கு நினைவில் வருவது அங்கொடைதான். அவ்வைத்தியசாலை 2008இல் தேசிய மனநல நிறுவகமாகப் பெயர் மாறியும் அந்த ஏளனப் பேச்சு மாறவில்லை. கரைத்தீவு போன்ற எமது கரையோரக் கிராமங்களின் நோவோ வேறுவிதமானது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, இருபது ஆண்டுகளாகப் புத்தளம் மாவட்டத்தில் வாழ்ந்த முஸ்லிம் மக்களிடையே நடந்த ஆய்வொன்று 2013இல் வெளியானது. அவர்களுள் 18.8 சதவீதத்தினருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு இருந்தது. போர் அதிர்ச்சியின் வடு என எல்லோரும் பேசும் நோய் 2.4 சதவீதமே. மனத்துயர் உடல் நோவாக வெளிப்படும் நிலையோ 14 சதவீதம்! வேலையின்மையும் உணவுப் பற்றாக்குறையும் இத்துன்பத்தோடு சேர்ந்தே காணப்பட்டன.

இத்தகையோர் மனநல வைத்தியரைத் தேடிப் போவதில்லை. "கை கால் உளைவு, நித்திரை இல்லை" என்று வெளிநோயாளர் பிரிவுக்கே வருகின்றனர், பனடோலோடு திரும்புகின்றனர். உளைவும் உளைச்சலும் ஒரே வேர்ச்சொல் என்பதை எமது மொழி அறியும். எமது மருத்துவக் கல்வி அதை அறிந்ததாகத் தெரியவில்லை.

2005ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கொள்கை, சேவையை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டுமென்றது. நிபுணரல்லாதோர்க்கான கைநூலை உலக சுகாதார ஸ்தாபனம் 2010இல் வெளியிட்டது. எனவே நூலுக்குப் பஞ்சமில்லை. சான்றிதழும் சோற்றுப்பார்சலும் கொடுத்தனுப்பும் ஒருநாள் செயலமர்வுகளுக்கும் பஞ்சமில்லை! வீடு வீடாகச் செல்லும் குடும்பநல மாதுவுக்கே முதலில் பயிற்சி வேண்டும் என்போம் நாம். தனிமையில் பத்து நிமிடம் குறுக்கிடாமல் கேட்க அவர் பழக வேண்டும். "சாகலாம் போல் இருக்கிறதா?" என்று நேரே கேட்பது அவ்வெண்ணத்தை விதைக்காது என்பதை அறிய வேண்டும். மனச்சோர்வுக்கான குளிசை வேலைசெய்யச் சில வாரங்கள் செல்லும். இடையில் நிறுத்தவிடாமல் பார்ப்பவரும் அவரே. மாதமொருமுறை மனநல வைத்திய அதிகாரி அவரோடு அமர்ந்து, கண்ட நோயாளரைப் பற்றிப் பேசாவிட்டால் கற்றது நிலைக்காது.

மொழி இன்னொரு சிக்கல். சிங்களம் மட்டுமே அறிந்த வைத்தியருக்குத் தாயின் துயரைப் பள்ளிப் பிள்ளை மொழிபெயர்க்கிறது. சாக நினைத்ததை அத்தாய் பிள்ளையின் வாயால் சொல்வாளா? தமிழ் பேசும் தாதியொருவரை அக்கிளினிக்குக்கு ஒதுக்குவது பெருஞ்செலவல்ல.

நேர்த்தி வைப்பதையும் ஓதிப் பார்ப்பதையும் நாம் பழிக்கவில்லை. ஆயினும் குளிசையை நிறுத்தச் சொல்லாதிருக்கப் பங்குத்தந்தையரும் மௌலவிமாரும் இப்பயிற்சியில் ஒருநாளாவது அமர வேண்டும். மாதாந்தக் கிளினிக்குக்கு இடமில்லையெனில் எமது பங்கு மண்டபங்கள் வாரநாட்களில் பூட்டியே கிடக்கின்றன.