டெண்டர் விட்டால் குடி நிற்குமா?

இங்கிலாந்தில் குடி, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை ஏற்பாடு செய்வது யார் தெரியுமா? நம்ம ஊர் மாநகராட்சி மாதிரியான உள்ளாட்சி கவுன்சில்கள்தான்! 2013 ஏப்ரலில் இந்தப் பொறுப்பு அவற்றின் கைக்கு வந்தது. பெரும்பாலும் டெண்டர் விடுவார்கள். தொண்டு நிறுவனமோ, அரசு மருத்துவ அமைப்போ எடுத்து நடத்தும்.

உள்ளூர்க் கஷ்டம் உள்ளூர்க்காரர்களுக்குத்தானே தெரியும் என்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால், மத்திய அரசு தந்த பணம் குறைந்தது. கவுன்சில்கள் சிக்கனம் பார்த்தன. விளைவு? ஓர் ஊழியர் தலையில் 50 முதல் 80 நோயாளிகள், சில சமயம் 100 பேர்கூட என்று 2021-ல் டாக்டர் கரோல் பிளாக் அறிக்கை தந்தார். அதன்பிறகு அரசு கூடுதல் பணம் ஒதுக்கியது.

பணம் மட்டும் போதுமா? சில வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் கைமாறினால், ஆலோசகரும் மாறக்கூடும். குடிநோயாளி மனசு விட்டுப் பேசவே மாசக்கணக்காகும். புது முகத்திடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பி என்றால், 'போங்கய்யா, நீங்களும் உங்க வைத்தியமும்!' என்று கிளம்பிவிட மாட்டாரா?

கான்ட்ராக்டர் மாறினால் ரோடு கோபித்துக்கொள்ளாது. மனுஷன் அப்படியா? குறைந்த விலையை மட்டும் பார்க்காமல், நீண்டகால ஒப்பந்தம் போடட்டும். உங்கள் வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்தால், நீங்களும் நல்ல ஆலோசகரை அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள்!