தங்கி நிற்பவர்களுக்குத் தலைமை கொடுங்கள்

ஐ.நா. மனிதாபிமான விவகாரங்களுக்கான துணைப் பொதுச்செயலாளர் டொம் பிளெட்சர் அவர்களுக்கு,

2025 ஏப்ரலில், சுமார் 6 கோடி டொலர் பற்றாக்குறையைக் காரணம் சொல்லி, உங்கள் அலுவலக ஊழியர்களில் 20 சதவீதத்தைக் குறைக்கப்போவதாக அறிவித்தீர்கள். காசு இறுகும்போது முதலில் வெட்டு விழுவது பயிற்சியில்தான் என்பது தொண்டு நிறுவனங்களை அறிந்த எவருக்கும் தெரியும். மிஞ்சுகிற தலைமைத்துவப் பயிற்சி யாருக்குப் போகவேண்டும் என்பது பற்றியே இந்த மடல்.

இலங்கையின் வடக்கே, போர் நடந்த வன்னியிலிருந்து தொடங்குகிறேன். பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை என்று இலங்கை அரசு சொன்னதும், 2008 செப்டம்பரில் ஐ.நா. தன் வெளிநாட்டு ஊழியர்களைக் கிளிநொச்சியிலிருந்து எடுத்துவிட்டது. போகவேண்டாம் என்று சனம் அலுவலக வாசலில் கூடி மன்றாடியது. உள்ளூர் ஊழியர்கள் பலர் குடும்பங்களோடு உள்ளேயே அகப்பட்டார்கள். குடும்பங்களை வெளியே விட, அப்பகுதியைக் கையில் வைத்திருந்த விடுதலைப் புலிகள் சம்மதிக்கவில்லை. அதன்பிறகு அவர்களும் மற்றச் சனத்தைப்போலவே தறப்பாளுக்குக் கீழும் பங்கருக்குள்ளும் கிடந்தார்கள்.

அதே நேரம் கொழும்பில் என்ன நடந்தது என்பதை, அந்தப் போரில் ஐ.நா. நடந்துகொண்ட விதத்தை ஆராய்ந்து 2012 நவம்பரில் வெளியான சார்ள்ஸ் பெட்ரி குழுவின் அறிக்கை சொல்கிறது. அங்கிருந்த ஐ.நா. குழுவிடம் ஆயுத மோதலிலோ மனித உரிமைச் சட்டத்திலோ போதிய அனுபவம் இருக்கவில்லை. பொதுமக்கள் கொல்லப்படுவதைத் தடுப்பது தங்கள் பொறுப்பு என்றே மூத்தவர்கள் பலர் நினைக்கவில்லை. உயிரிழப்புக் கணக்கு கையில் இருந்தது, வெளியிடத் தயங்கினார்கள். வாய் திறந்தால் உள்ளே போகும் அனுமதி பறிபோகும் என்ற கணக்கு ஒவ்வொரு முடிவிலும் குறுக்கே நின்றது. இவர்கள் ஒன்றும் நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கள் அல்லர். அனுபவம் கூடக்கூட, எதைச் சொன்னால் சிக்கல் வரும் என்பதுதான் நன்றாகப் பழகிப்போகிறது. மூத்த ஊழியருக்குத் தலைமைப் பயிற்சி தேவைப்படுவது இதனால்தான். அரிசி மூட்டைக் கணக்கும் கூடாரக் கணக்கும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அமைச்சரிடம் எந்த இடத்தில் ‘முடியாது’ என்று சொல்வது, ஆயுததாரியிடம் எதை விட்டுக்கொடுத்தால் பிறகு திருப்பிப் பெறவே முடியாது, ஊழியரை எப்போது வெளியே எடுப்பது: இவற்றை யாரும் அவருக்கு ஒத்திகை காட்டியதில்லை.

அந்தக் கடைசிக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் ஓர் ஊர்ப் பெயரே போதும். மூதூர். 2006 ஓகஸ்ட் 4, சண்டைக்கு நடுவே வெளியே எடுக்கப்படாமல் அங்கேயே இருந்த, பட்டினிக்கெதிரான பிரெஞ்சு அமைப்பொன்றின் உள்ளூர் ஊழியர்கள் 17 பேர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

நாடு மாறினாலும் கதை மாறுவதாக இல்லை. 2023 ஏப்ரல் 15 சூடானில் சண்டை வெடித்ததும் வெளிநாட்டு ஊழியர்கள் கார்ட்டூமைவிட்டுப் போனார்கள். அவசரகால உதவி அறைகள் என்ற பெயரில் தெருவுக்குத் தெரு கூடி, பொதுச் சமையலறைகளை நடத்திச் சனத்துக்குச் சோறு போட்டவர்கள் அந்தந்தத் தெருப் பிள்ளைகள். 2024இல் உலகெங்கும் உதவிப் பணியாளர்கள் 383 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. சொன்னது, பெரும்பாலானோர் அந்தந்த நாட்டுக்காரர்கள்.

2016இல் இஸ்தான்புல்லில் நடந்த மனிதாபிமான மாநாட்டில், உதவி நிதியில் 25 சதவீதம் 2020க்குள் உள்ளூர் அமைப்புகளுக்குப் போய்ச்சேரும் என்று பெரிய கொடையாளிகள் கையெழுத்திட்டார்கள். அது நடக்கவில்லை. காசுக்காவது வாக்குறுதி கொடுத்தார்கள், அதிகாரத்துக்கு அதுவுமில்லை.

ஆகவே, ஐயா, பயிற்சியை ஜெனீவாவிலிருந்து இறக்குங்கள். விசா கிடைக்காதவரும் ஆங்கிலத்தில் தடுமாறுகிறவரும்தான் பெரும்பாலும் கடைசிவரை நிற்பவர். அரபியில், பர்மிய மொழியில், தமிழில் நடத்துங்கள். வன்னியிலும் கார்ட்டூமிலும் நின்றவர்கள் பாடம் எடுக்கட்டும். நாட்டுத் தலைமைக்கு வரும் வெளிநாட்டு அதிகாரிகள் முன்வரிசையில் இருந்து கேட்கட்டும்.

பயிற்சி முடிந்ததும் சான்றிதழோடு ஒரு கடிதமும் கையில் கொடுங்கள்: வெளிநாட்டு மேலாளர் வெளியேறும் அன்றைக்கு வங்கிக் கணக்கில் கையெழுத்திடவும், களஞ்சியத்தைத் திறக்கவும், தன் ஊழியர்களையும் அவர்களின் குடும்பங்களையும் வெளியே எடுக்கவும் இவருக்கு அதிகாரம் உண்டு என்று. இன்றைக்குச் சூடானிலும் காசாவிலும் மியன்மாரிலும் அப்படியொரு கடிதம் எத்தனை உள்ளூர் ஊழியர் கையில் இருக்கிறது என்பதை, அமைப்பு வாரியாக, உங்கள் அலுவலகம் வெளியிடவேண்டும்.

இப்படிக்கு,
வடக்கிலிருந்து ஒரு பத்தி எழுத்தாளர்