பக்கத்து வயல் சாட்சி போதாது

பருவந்தோறும் புதிய பயிர் ஊக்கி ஏதாவது ஒன்று கடைக்கு வந்துவிடுகிறது. "பக்கத்து வயலைப் பாருங்கள், ஏக்கருக்கு இரண்டு மூட்டை கூடுதல்" என்பதே அதற்குச் சொல்லப்படும் சாட்சி. ஒரகடத்தை அடுத்த சேரப்பணஞ்சேரி போன்ற ஊர்களில், சுற்றிலும் தொழிற்சாலைகள் எழுந்து ஆள் கூலியும் ஏறிவிட்ட நிலையில், ஒரு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது சிறிய செலவல்ல. அந்த இரண்டு மூட்டை ஊக்கியால் வந்ததா, மண்ணால் வந்ததா என்று கேட்டே தீர வேண்டும்.

ஒரே வயலில்கூட விளைச்சல் சீராக இருப்பதில்லை. மதகை ஒட்டிய பாத்தி ஒருவிதம், மேட்டுப் பாத்தி ஒருவிதம். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் 12 பாத்திகள். ஊக்கி போடாத ஆறில் கிடைத்த நெல் 12, 16, 11, 15, 13, 14 கிலோ, சராசரி 13.5. போட்ட ஆறில் 14, 12, 17, 13, 16, 15 கிலோ, சராசரி 14.5. வித்தியாசம் 1 கிலோ. ஏக்கருக்குப் பெருக்கினால் சுமார் 162 கிலோ. அதாவது 75 கிலோ மூட்டையில் இரண்டுக்கு மேல்!

ஆனால் ஊக்கியே போடாத பாத்திகளுக்குள் 5 கிலோ ஏற்றத்தாழ்வு இருக்கிறதே? புள்ளியியல் முறைப்படி, இத்தகைய வயலில் சராசரிகளின் வித்தியாசம் சுமார் 2.4 கிலோவைத் தாண்டினால்தான் அது தற்செயல் அல்ல என்று நம்பலாம். 1 கிலோ போதாது. ஊக்கி வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. பயன் நிரூபணமாகவில்லை, அவ்வளவே.

இந்தக் கணக்குக்கு வழி வகுத்தவர் டப்ளின் நகரின் கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட். சில மாதிரிகளை மட்டும் வைத்து முடிவு காணும் முறையை 1908-ல் 'மாணவர்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். பார்லி ரகங்களை வயலில் ஒப்பிட்டுப் பார்த்தவரும் அவரே. 1919-ல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த ஃபிஷர், எந்தப் பாத்திக்கு எது என்பதைக் குலுக்கிப் போட்டே தீர்மானிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். விற்பவரே நல்ல பாத்தியைப் பொறுக்கிக்கொண்டால் சோதனை ஏது?

உழவர்கள் தாமே சோதித்துப் பார்க்கலாம். வரப்பு உட்பட 10 சென்ட் நிலம் போதும். அடுத்தடுத்த இரண்டு பாத்திகளாக ஆறு ஜோடி அமையுங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் எதற்கு ஊக்கி என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். தண்ணீர் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாயக் கூடாது. மற்ற உரமும் களையெடுப்பும் சமமாக இருக்கட்டும். நெல்லை ஒரே அளவு காயவைத்துத் தனித்தனியே எடை போடுங்கள். ஊக்கியில் பயனே இல்லையென்றால், ஆறு ஜோடியிலும் அதுவே வெல்ல 64-ல் ஒரு வாய்ப்புதான். ஆறும் வென்றால் கூடுதல் நெல்லின் விலை செலவைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். நான்கு வென்று இரண்டு தோற்றால் பணத்தை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு பருவம் சோதியுங்கள்.

செயல்விளக்கத் திடல் நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. பலகையில் சராசரியை மட்டும் எழுதாதீர்கள். எத்தனை பாத்தி, குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். அதைக் கேட்டு வாங்குவது உழவரின் உரிமை.